சீட்டை ஏற்றலாம், பாரை இறக்க முடியாது

சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். அடுத்தது விலை. அதற்கப்புறம்தான் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டுகிறதா என்று பார்ப்பது. எட்டவில்லை என்றால் கடைப்பையன் ஸ்பேனரோடு வந்து சீட்டை ஓர் அங்குலம் இறக்கிவிடுவான். கால் எட்டிவிடும். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் பார்த்தவரைக்கும் முக்கால்வாசி சைக்கிள்கள் இப்படித்தான் விற்றிருக்கின்றன.

இதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு நட்டைத் தளர்த்தினால் சீட் ஏறும், இறங்கும். அதைத் தாங்கி நிற்கும் பிரேம், வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போகிற அன்றைக்கும் இருக்கும். பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றை வைத்து, என்றைக்குமே மாற்ற முடியாத ஒன்றை முடிவு செய்கிறோம். சைக்கிளில் மட்டுமா இப்படிச் செய்கிறோம்? அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை இப்போது என்னை யோசிக்க வைத்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். டிரையத்லான் பித்து பிடித்திருக்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் ஒரே மூச்சாக முடிக்கிற போட்டி. இதில் பெரியது அயர்ன்மேன். 1978ல் ஹவாய்த் தீவில் பதினைந்து பேர் கிளம்பி, பன்னிரண்டு பேர் முடித்ததில் ஆரம்பித்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஒரு முழு மாரத்தான். அதில் சரிபாதி தூரத்துக்கு ஒரு போட்டியை 2019ல் இருந்து கோவாவில் நடத்துகிறார்கள். பேத்தியின் கண் அதன் மேல்தான். 1.9 கிலோமீட்டர் நீச்சலுக்குக் கிணறும் குளமும் பழக்கிக் கொடுத்துவிட்டன. 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு விடியற்காலையில் ஓடுகிறாள். நடுவில் இருக்கிற 90 கிலோமீட்டருக்குத்தான் வண்டி வேண்டும்.

பெங்களூரில் தெரிந்தவர் ஒருவர் தன் டிரையத்லான் சைக்கிளை விற்கிறாராம். கார்பன் பிரேம், அதிகம் ஓடாத வண்டி, பாதி விலை. அளவு 54. பேத்தியின் உயரம் 158 சென்டிமீட்டர்.

“பெரிசா இருக்குமே ஆத்தா” என்றேன்.

“சீட்டை இறக்கிக்கிட்டா சரியாப் போகும் தாத்தா” என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வாக்கியம் அது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிது. அதுவும் 24 அங்குல பிரேமாகத்தான் இருக்கும். 22 அங்குலமும் கிடைத்தது; குள்ளமானவர்களும் அதை வாங்கக் கூச்சப்பட்டார்கள். பெரிய வண்டிதான் ஆம்பிளை வண்டி என்று ஒரு எண்ணம். சென்னையில் 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸோ, அசன்சாலில் இருந்து வந்த ராலேயோ, எதுவானாலும் கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், பார் ஏறக்குறைய மூன்றடி உயரத்தில். மில் ஷிப்டுக்குப் போகும் அப்பாவின் காலுக்காக வாங்கிய வண்டியில்தான் பத்து வயதுப் பையனும் பழக வேண்டும். பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட முடியாது. அதனால் பாருக்குக் கீழே முக்கோணச் சந்துக்குள் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, பெடலை முழுச்சுற்று சுற்ற முடியாமல் அரைச்சுற்றாக மேலும் கீழும் மிதித்துப் போனோம். குரங்கு பெடல். 2024ல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு என் வயதுக்காரர்கள் கண் கலங்கினார்கள். எனக்கு முழங்காலில் பெடல் இடித்த வலிதான் ஞாபகம் வந்தது.

வாடகைச் சைக்கிள் கடைகள் இந்த விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களைவிட விவரமானவை. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று உயரத்துக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். கையில் காசு இருந்தால் மணிக்கணக்குக்கு எடுத்துத் தன் அளவில் ஓட்டலாம். காசு இல்லாதவன் அப்பா வண்டியில் குரங்கு பெடல் போட வேண்டியதுதான். அளவுக்கு ஏற்ற பொருள் என்பது அன்றைக்கு வசதி உள்ளவனுக்கு வாய்த்த சமாச்சாரம்.

பிறகு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கான விலையில்லாச் சைக்கிள். பையன்களுக்கு ஒரு மாதிரி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி. ஐந்தடிப் பையனும் ஆறடியை நெருங்கும் பையனும் ஒரே மாதிரி வண்டியைத்தான் பள்ளிக்கூட வாசலில் இருந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் கொடுக்கும்போது ஒவ்வொருவன் காலையும் அளந்து கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டாம். மம்சாபுரத்துப் பையன் பள்ளிக்கூடம் போய் வருகிற தூரத்துக்குச் சீட்டை ஏற்றி இறக்குவதே போதும். அரை மணி நேரம் உடம்பு எதையும் பொறுத்துக்கொள்ளும்.

புதுக்கோட்டையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். ஏறின பிறகு சிலருக்கு அதுவே பிடித்துவிட்டது. பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! பத்திரிகையாளர் சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். தங்களுக்கென்று விற்ற வண்டியை விட்டுவிட்டு, தங்கள் வேலைக்கு எது ஒத்து வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேமைத் தேர்ந்தெடுப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெண்கள்தான்.

பேத்தியின் வேலை வேறு. அரை மணி நேரம் இல்லை, மூன்று மூன்றரை மணி நேரம். அதுவும் சாதாரணமாக உட்கார்ந்து இல்லை. டிரையத்லான் வண்டியில் ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து இரண்டு கம்பிகள் முன்பக்கம் நீண்டிருக்கும். அவற்றின் அடியில் இருக்கிற சின்ன மெத்தைகளில் முழங்கைகளை ஊன்றி, முதுகைத் தட்டையாக்கி, ஏறக்குறையக் குப்புறப் படுத்த மாதிரி மிதிக்க வேண்டும். காற்றுக்காகத்தான் இத்தனை பாடும். சைக்கிள் வேகமாகப் போகப் போக, மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆனி ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்கு 12 கிலோமீட்டர் வாக்கில் மலைப்பக்கக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு இதற்குக் கணக்கு எதுவும் வேண்டாம், தொடையே சொல்லும்.

அந்தக் கம்பிகளின் மகிமையை உலகம் ஒத்துக்கொண்டது 1989ல். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயில் இருந்து பாரீஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனித்தனியாக ஓட்ட வேண்டும். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். டிரையத்லான்காரர்கள் பயன்படுத்தி வந்த கம்பியைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தார். முதலிடத்தில் இருந்த லாரன் பிஞ்ஞோன் பழைய மாதிரியே ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார்.

இப்படிக் குனிந்து படுக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. சாதாரணப் பந்தய சைக்கிளில் சீட் குழாய் 73 டிகிரி வாக்கில் பின்னால் சாய்ந்திருக்கும். அதில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றினால், ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் வந்து முட்டும். மூச்சும் முட்டும். அதனால் டிரையத்லான் வண்டியில் அந்தக் குழாயை 78 டிகிரிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்கள். சீட் முன்னால் வந்துவிடும். இடுப்பு மடங்குகிற கோணம் விரியும், இறங்கி ஓடும்போதும் கால் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். டான் எம்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1980களின் கடைசியில் இதற்கென்றே வண்டி செய்தார். ஒலிம்பிக்கில் ஓட்டுகிற டிரையத்லானில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போக அனுமதி உண்டு, அங்கே சாதாரணப் பந்தய வண்டியே போதும். அயர்ன்மேன் வகையில் அப்படி ஒட்டிப் போகக் கூடாது. தன் காற்றைத் தானேதான் கிழிக்க வேண்டும்.

இனி 54 என்ற எண்ணுக்கு வருவோம். பழைய நாளில் சீட் குழாயின் நீளமே பிரேமின் அளவு. 22 என்றால் 22 அங்குலக் குழாய். இப்போது மேல் பார் சரிந்து வருகிறது, குழாய்கள் வளைந்து நெளிந்து வருகின்றன. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 52ஆக இருக்கலாம். மீடியம், ஸ்மால் என்பதெல்லாம் சட்டைக்கடைப் பேச்சு. அதே எம்ஃபீல்டும் அவரைச் சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெடல் சுற்றுகிற அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் இறங்குகிற குழாயின் மேல்நுனி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டே அளவுகள். உயரத்துக்கு ஸ்டாக், முன்னீட்டத்துக்கு ரீச் என்று பெயர். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சீட்டைப் பற்றிய பேச்சே இந்தக் கணக்கில் கிடையாது. சீட்தான் ஏறி இறங்குமே! மாறாத இரண்டு அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்தவன். பஞ்சின் இழை நீளத்தைப் பார்த்துத்தான் ரோலர்களின் இடைவெளியை வைப்போம். ரோலருக்குத் தகுந்தபடி இழை நீளாது. இடைவெளி குறைந்தால் இழை அறுபடும், கூடினால் நூல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வரும். அந்தப் பழக்கத்தில்தான் பேத்தியைச் சுவரோரம் நிறுத்தினேன். செருப்பில்லாமல், முதுகு சுவரில் ஒட்டி, கால்களை ஒரு சாண் அகட்டி. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைத் தொடை இடுக்கில் சீட் மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பஞ்சாங்கம் உதவாது, வளைந்துவிடும். புத்தகத்தின் மேல்விளிம்பில் இருந்து தரை வரைக்கும் 74 சென்டிமீட்டர். இதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரைக்கும் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும் என்பது பந்தயக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு. 65 சென்டிமீட்டரும் கொஞ்சமும். தொடங்குவதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதற்கு மேல் ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்க வேண்டும்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குப் பழைய வழி இருக்கிறது. பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் தானாக லேசாக மடங்கும். அந்த மடிப்புதான் வேண்டியது. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிகிறது என்றால் சீட் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் நாம் சந்தோஷப்படுவது அதைப் பார்த்துத்தான்.

அவளோடு ஓடுகிற சிநேகிதி ஒருத்தியும் வந்திருந்தாள். அவளும் 158தான். அளந்தால் காலின் அளவு 70. ஒரே உயரம், ஆனால் சீட் உயரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். ஒருத்திக்குக் கால் நீளம், இன்னொருத்திக்கு உடல் நீளம். ஆகவே உயரத்தை மட்டும் வைத்துப் போடுகிற அட்டவணையை நான் பாதிதான் நம்புவேன். கை நீளமும் இடுப்பு எவ்வளவு வளையும் என்பதும் கணக்கில் வர வேண்டும். குனிந்து கால் பெருவிரலைத் தொட முடியாதவன் சாம்பியன் மாதிரிப் படுத்து ஓட்ட ஆசைப்பட்டால், மறுநாள் குறுக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இப்போது 54ஐப் பேத்திக்குப் பொருத்திப் பாருங்கள். சீட்டை இறக்கலாம், பிரேமின் குழாய் அனுமதிக்கிற வரைக்கும். அதற்குக் கீழே சீட் தண்டு இறங்காது, அறுக்க வேண்டி வரும். அறுத்து இறக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். முன்பக்கம் என்ன ஆகும்? ஹேண்டில் குழாய் பெரிய ஆளுக்காக நீளமாக வைத்தது. சீட் கீழே, முழங்கை மெத்தை மேலே என்று ஆகிவிடும். படுக்க வேண்டியவள் எட்டிப் பிடித்துத் தொங்குவாள். ரீச்சும் நீளம். கை எட்டாமல் சீட்டின் மூக்குக்கு நகர்வாள், அங்கே உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்து மரத்துப் போகும். கழுத்தும் தோளும் முதல் ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிடும். இன்னும் 60 கிலோமீட்டர் இருக்கும்.

சின்ன பிரேமாக இருந்தால்? சீட் தண்டை ஏற்றலாம், ஹேண்டிலுக்கு அடியில் வளையம் போட்டு உயர்த்தலாம், ஹேண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மை நீளமானதாக மாட்டலாம். இதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மிஞ்சி வளையம் அடுக்கினால் முன்பக்கம் ஆடும். ஆனாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதை எடு என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதை நான் பிரேமில் கற்றுக்கொள்ளவில்லை, அடுப்படியில் கற்றுக்கொண்டேன். வீடு கட்டும்போது கொத்தனார் சமையல் மேடையை எல்லா வீட்டுக்கும் கட்டுகிற உயரத்தில் கட்டக் கயிறு பிடித்தார். என் வீட்டுக்காரி குள்ளம். நேராகச் சுவரோரம் போய் நின்று, முழங்கையை மடக்கி, “இதுக்கு நாலு விரல் கீழே நிறுத்துங்க” என்றாள். கொத்தனார் என்னைப் பார்த்தார். “எல்லா வீட்லயும் இந்த உசரம்தாம்மா, போகப் போகப் பழகிரும்” என்றார். “நாப்பது வருஷம் நான்ல நிக்கணும்” என்றாள். அவள் சொன்ன உயரத்தில்தான் மேடை எழும்பியது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பொம்மை வீட்டு அடுப்படி என்று கேலி செய்தார்கள். பின்னால் வந்த மருமகள் நல்ல உயரம். அவளுக்குக் குறுக்கு வலிக்குமே என்று நான் கவலைப்பட்டேன். அவள் தடித்த பலகை ஒன்றை மேடை மேல் போட்டு, அதன் மேல் வைத்துக் காய் நறுக்கினாள். உயரம் குறைந்த மேடையில் பலகை போடலாம். உயர்ந்த மேடையை யார் இடிப்பது?

போகப் போகப் பழகிரும் என்ற வார்த்தை நம் ஊரில் எத்தனை பேர் முதுகை ஒடித்திருக்கிறது! அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று இப்போது சொல்கிறோம். சொல்கிறவர் பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்யத் தேவையில்லாதவராகவே இருப்பார். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சம்பளத்தை விசாரிக்கிறார்கள், சம்பளம் ஏறும், இறங்கும். சொந்த வீடா என்று கேட்கிறார்கள், வீடு வாங்கலாம், விற்கலாம். கோபம் வந்தால் பையன் எப்படி நடந்துகொள்வான் என்று பக்கத்து வீட்டில் கேட்பதில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்கும்போதும் அப்படியே. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் பஸ் வசதிக்கும் படுகிற கவலையில் பாதியை, இவனுக்கு இந்தப் பாடம் ஒத்து வருமா என்பதில் படுவதில்லை. ரத்தத்தில் ஓடாத படிப்பைப் படித்துவிட்டு, முப்பது வருஷம் அதில் சம்பாதித்து, ரிட்டயர் ஆன மறுநாள் அதைப் பற்றிப் பேசவே விரும்பாத மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டிக்காரர்கள். பிரேம் பெரிது.

உடம்புக்கு ஏற்ற வண்டி என்பதில் எனக்கு ஆதர்சம் கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர். மெக்கானிக் ஜாதி. நான் ரசிப்பதில் ஆச்சரியமில்லை. கடையில் கிடைக்கிற வண்டி தன் உடம்புக்கு ஒத்து வரவில்லை என்று தானே வெல்டு வைத்து ஒன்று செய்தார். கைகளை மார்புக்குக் கீழே மடக்கி வைத்து ஓட்டுகிற வினோத அமைப்பு. பெடல் அச்சுக்கு வாஷிங் மெஷினில் இருந்து கழற்றிய பேரிங். அதில் 1993 ஜூலையில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார். அடுத்த வருஷம் சைக்கிள் சங்கம் அந்த அமர்வையே தடை செய்தது. அதனால் என்ன? தனக்கு எது பொருந்துகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேத்தியை வெல்டு வைக்கச் சொல்லவில்லை. அளந்து பார் என்றுதான் சொல்கிறேன்.

பெரிய ஊர்களில் இப்போது இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார வைத்து, மிதிக்கச் சொல்லி, கோணம் எல்லாம் அளந்து, உன் முழங்கை மெத்தை இந்த உயரத்தில், இவ்வளவு முன்னால் வர வேண்டும் என்று எண்ணாக எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளோடுதான் வண்டி தேட வேண்டும். நம் ஆட்கள் வண்டியை வாங்கிய பிறகு அவர்களிடம் போகிறார்கள். அவர்களும் பாவம், ஸ்டெம்மை மாற்றி, சீட்டை நகர்த்தி, வாங்கிய தப்புக்கு ஒட்டுப் போட்டு அனுப்புகிறார்கள்.

சின்ன உடம்புக்காரர்களுக்கு இன்னும் ஒரு தொல்லை. பிரேம் சிறிதாகிச் சக்கரம் அதே 700 அளவில் இருந்தால், மெதுவாகத் திருப்பும்போது பெருவிரல் முன்சக்கரத்தில் உரசும். இதற்காகச் சில கம்பெனிகள் 650 என்ற சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்தன. நல்ல யோசனைதான். ஆனால் வத்திராயிருப்புப் பக்கம் டயர் கிழிந்தால் அந்த அளவு எங்கே கிடைக்கும்? இன்றைக்கும் 28 அங்குல டயர் கேட்டால் எந்தக் குக்கிராமத்திலும் எடுத்துக் கொடுப்பான். எனக்கு வாங்குவதென்றால் விரல் உரசுவதைப் பொறுத்துக்கொண்டு, டயர் கிடைக்கிற வண்டியையே வாங்குவேன்.

பேத்தி மூன்று நாள் பேசவில்லை. பாதி விலை என்பது லேசான ஆசை இல்லை. பிறகு அவளே பெங்களூர்க்காரரிடம் அந்த வண்டியின் ஸ்டாக், ரீச் கேட்டு வாங்கி, தன் அளவோடு வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் வருஷத்துக்குத் தன் அளவில் சின்ன பிரேம் போட்ட சாதாரண ரோடு பைக். அதில் தனியாக விற்கிற முழங்கைக் கம்பியை மாட்டி, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்வது. ஓடி முடித்த பிறகு டிரையத்லான் வண்டியைப் பற்றி யோசிப்பது என்று முடிவு. எனக்கும் இதில் முழு சம்மதம். டிரையத்லான் வண்டியில் கம்பியைப் பிடித்துப் படுத்திருக்கும்போது பிரேக் கைக்குப் பக்கத்தில் இருக்காது, வெளிப்பக்க ஹேண்டிலில் இருக்கும். ரோடு பைக்கில் கம்பி மாட்டினாலும் அதே கதைதான். ஆகவே பழகுகிற வரைக்கும் மதுரை ரோட்டில் படுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். செண்பகத்தோப்புப் பக்கம் விடிந்ததும் போனால் ரோடு காலியாக இருக்கும். அங்கேயும் ஆடு குறுக்கே வரும், நாய் துரத்தும். நாய் என்றதும் ராஜபாளையம் நாய் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் விலைக்கு யாரும் தெருவில் விடுவதில்லை.

இப்போது தகராறு பெடலை மாட்டுகிற தண்டான கிராங்கில் வந்து நிற்கிறது. கிராங்க் நீளமாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் மார்புப் பக்கம் ஏறும். குனிந்து படுப்பவர்களுக்குச் சின்னதே நல்லது. அவள் கேட்பது 165 மில்லிமீட்டர். கடையில் கையிருப்பில் இருப்பது 170. 165 வர நாளாகும், அஞ்சு மில்லிமீட்டர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்கிறார் கடைக்காரர். கிராங்க் கழற்றி மாட்டக்கூடிய பொருள்தான், இப்போதைக்கு வாங்கிக்கொண்டு பிறகு மாற்றலாமே என்று நானும் சொன்னேன். “நீங்களே இப்படிச் சொன்னா எப்படி தாத்தா?” என்றாள். 165க்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்குக் கடைக்காரரிடம் போன் போட்டு எப்போது வரும் என்று கேட்கிற வேலை என்னுடையது.